பழைய காந்த நாடாவிலிருந்து டிஸ்குக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

கணினித் தரவைச் சேமித்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் அலமாரியில் கிடந்த நாடாக்களை டிஸ்குக்கு மாற்றும்போது கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. வந்தவையே திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் பழி நாடாவின் மேல் விழுகிறது. பார்த்தால் குற்றம் கேபிளிலோ, டிரைவிலோ, நாம் கொடுத்த கட்டளையிலோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வருகிறது, பணமும் நாளும் விழுங்கும் காரணம் கடைசியில் வருகிறது. அந்த வரிசையிலேயே போங்கள். நாடாவைச் சந்தேகிப்பது எப்போதும் கடைசி.

## எந்த அறிகுறியானாலும், முதலில் இவை

எழுத்துத் தடுப்பைப் போடுங்கள். தலைமுறை எண்களோடு வரும் எல்டிஓ என்ற நாடா வகையில், கேட்ரிட்ஜின் (நாடா அடங்கிய பெட்டியின்) ஓரத்தில் சிறிய நகரும் தாழ் இருக்கும். அதைப் பூட்டிய நிலைக்குத் தள்ளுங்கள். பழைய ஒன்பது தடச் சுருளில் விஷயம் நேர்மாறு: பின்புறப் பள்ளத்தில் பிளாஸ்டிக் வளையம் இருந்தால்தான் எழுத முடியும், ஆகவே வளையத்தைக் கழற்றிவிட வேண்டும். அடையாளம் தெரியாத நாடாவைக் கண்டால் சில பேக்கப் மென்பொருள்கள் "புதிதாகப் பெயரிடட்டுமா?" என்று கேட்கும். அவசரத்தில் "ஆம்" அழுத்தும் விரலிலிருந்து நாடாவைக் காப்பது இந்தத் தாழ்தான்.

குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்த நாடாவை, டிரைவ் இருக்கும் அறையில் 24 மணி நேரம் வைத்த பிறகே உள்ளே போடுங்கள்.

சோதனை நாடா ஒன்று கையில் இருக்கட்டும். உங்கள் டிரைவ் எழுதக்கூடிய தலைமுறையில், இழந்தால் வருத்தப்படாத ஒரு நாடா. அதில் சில ஜிபி கோப்புகளை எழுதி, திரும்பப் படித்து, ஹாஷ் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்ணை) ஒப்பிடுங்கள். இந்தச் சோதனையில் தேறாத டிரைவில் மூல நாடாவைப் போடவே கூடாது. கீழே "சோதனை நாடா" என்று வரும் இடமெல்லாம் இதுதான்.

லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசை காய்ந்த ஸ்டிக்கர் டிரைவுக்குள் உதிர்ந்தால் இரண்டு சிக்கல்: டிரைவ் அடைபடும், நாடா பெயரில்லாமல் போகும்.

## நாடாவுக்கு ஏற்ற டிரைவே கையில் இல்லை

எல்டிஓ என்றால் தலைமுறைக் கணக்கைப் பாருங்கள். ஏழாம் தலைமுறை வரையிலான டிரைவ்கள் தமக்கு இரண்டு தலைமுறை முந்தைய நாடாவரை படிக்கும். 2017இல் வந்த எல்டிஓ-8 அந்த வழக்கத்தை உடைத்தது. அது 7, 8 இரண்டை மட்டுமே ஏற்கும். எல்டிஓ-9 டிரைவ் 8, 9 இரண்டோடு நின்றுவிடும். ஆகவே எல்டிஓ-4 நாடாக்கள் நிறைந்த அலமாரிக்குப் புத்தம் புதிய டிரைவ் வாங்கினால் அது அலங்காரப் பொருள்தான். அதற்கு 4, 5, 6 ஆகிய மூன்றில் ஒன்று வேண்டும். எல்டிஓ-1, 2, 3 மூன்றையும் ஒன்றாகப் படிக்க ஓர் எல்டிஓ-3 டிரைவ் போதும்.

டிடிஎஸ், 8 மிமீ நாடா, க்யூஐசி போன்ற பழைய நாடா வகைகளுக்குப் பழைய டிரைவைத்தான் தேட வேண்டும். நாடாவை எழுதிய அதே டிரைவ் எங்காவது மூலையில் இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். காரணம் படிப்புப் பிழைப் பகுதியில் வருகிறது. க்யூஐசி டிரைவ் கிடைத்தால் மின்சாரம் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் ரப்பர் உருளையைத் தொட்டுப் பாருங்கள். வயதான உருளை தார்போல் இளகி விரலில் ஒட்டும். அந்த நிலையில் நாடாவைப் போட்டால் பிசின் நாடா முழுவதும் பரவும்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்:* டிரைவ் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த டிரைவ்கள் எதுவும் சோதனை நாடாவில் தேறவில்லை. மனம் தளர வேண்டியதில்லை. 1966, 67இல் லூனார் ஆர்பிட்டர் விண்கலங்கள் அனுப்பிய நிலவுப் படங்களின் நாடாக்களுக்காக, ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 டிரைவ்களைத் தூசு தட்டிச் சீர்செய்து, 2008இல் படங்களை மீட்டெடுத்தார்கள். ஆனால் அதற்கான உழைப்பும் உதிரிப் பாகங்களும் ஓர் அலுவலகத்தின் பின்னறையில் கிடைப்பவை அல்ல.

## டிரைவ் கணினிக்குத் தெரியவில்லை

பழைய இணைநிலை ஸ்கசி (சாதனங்களைச் சங்கிலியாகக் கணினியோடு இணைக்கும் முறை) டிரைவ் என்றால்: டிரைவை முதலில், கணினியை அடுத்து இயக்குங்கள். சங்கிலியின் இரு முனையிலும் டெர்மினேட்டர் (சங்கிலியை முடித்து வைக்கும் செருகி) இருக்கிறதா, இரண்டு சாதனங்களுக்கு ஒரே ஐடி எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் புகார் இங்கேயே தீர்ந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம்: உயர் மின்னழுத்த டிஃபரன்ஷியல் வகையும் தாழ் மின்னழுத்த வகையும் ஒரே வடிவ இணைப்பியில் வரும். இரண்டையும் கலந்து செருகினால் சாதனம் கருகலாம். பின்புறக் குறியீட்டைப் படிக்காமல் செருகாதீர்கள்.

சாஸ் (ஸ்கசியின் புதிய வடிவம்) டிரைவ் என்றால் அதை ரெய்டு கார்டில் (பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் கார்டில்) மாட்டியிருக்கிறீர்களா? பல ரெய்டு கார்டுகள் டேப் டிரைவைக் கண்டுகொள்வதில்லை. சாதனத்தை நேராகக் கணினியோடு இணைக்கும் சாதாரண ஹெச்பிஏ கார்டுக்கு மாற்றுங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். அப்படியும் தெரியவில்லை, டிரைவின் சொந்தச் சுய சோதனையும் தோற்கிறது என்றால் டிரைவ் பழுது. பழுதுபார்ப்பதைவிட இன்னொரு டிரைவ் வாங்குவது பெரும்பாலும் மலிவு.

## நாடாவை உள்ளே தள்ளியதும் வெளியே தள்ளுகிறது

எல்லா நாடாவையும் தள்ளுகிறது: டிரைவில் கோளாறு. சோதனை நாடாவைப் போட்டு உறுதிசெய்யுங்கள். துப்புரவு கேட்ரிட்ஜை மட்டும் தள்ளுகிறது என்றால் அதன் ஆயுள் தீர்ந்துவிட்டது. எல்டிஓவில் அது சுமார் 50 முறைக்குத்தான் வரும்.

குறிப்பிட்ட நாடாவை மட்டும் தள்ளுகிறது: தலைமுறை பொருந்துகிறதா என்று மேலே உள்ள கணக்கை மறுபடி பாருங்கள். பொருந்தினால் கேட்ரிட்ஜின் பக்கவாட்டுக் கதவை விரலால் மெல்லத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். மூலையில் ஓர் உலோக ஊசி, நாடாவின் முனையைப் பற்றிக்கொண்டு, மேலும் கீழும் தன் பள்ளங்களில் நேராக நிற்க வேண்டும். டிரைவ் பிடித்து இழுப்பது அந்த ஊசியைத்தான். அது சாய்ந்திருக்கலாம், கழன்று உள்ளே விழுந்திருக்கலாம். கேட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்தாலே போதும். குலுக்கிப் பார்த்து ஏதாவது சலசலத்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

*நிபுணர்:* ஊசி கழன்ற நாடா, ஓடு விரிசல் விட்ட கேட்ரிட்ஜ். புதிய ஓட்டுக்குள் மாற்றுவது அவர்களுக்கு அன்றாட வேலை, மற்றவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பு.

## உள்ளே போன நாடா வெளியே வரவில்லை

முதல் மருந்து பொறுமை. நடுநாடாவில் மின்சாரம் போய்த் திரும்ப வந்தால், டிரைவ் தன் நிலையைக் கண்டுபிடித்து நாடாவைச் சுற்றி முடிக்கச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரத்தில் மீண்டும் சுவிட்சை அணைப்பதுதான் பெரிய தீங்கு. விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள்.

விளக்கு நிலையாகிவிட்டதா? ஏதாவது மென்பொருள் நாடாவைப் பூட்டி வைத்திருக்கலாம். பேக்கப் சேவைகளை நிறுத்தி, வெளியேற்றும் கட்டளையைக் கொடுங்கள். பிறகு வெளியேற்றும் பொத்தான். அதற்கும் மசியவில்லை என்றால் மூடியைக் கழற்றாதீர்கள், இடுக்கி எடுக்காதீர்கள். டிரைவோடு சேர்த்து நிபுணரிடம் கொடுங்கள். ஒரு நாடாவைக் கடித்த டிரைவில் அடுத்த நாடாவைப் போட்டு "சரியாகிவிட்டதா" என்று பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

## "வெற்று நாடா" என்கிறது

நாடா வெறுமை என்று முடிவு கட்டுவதற்கு முன்:

நாடா எங்கே நிற்கிறது? முந்தைய கட்டளை அதைத் தரவின் முடிவில் விட்டிருந்தால், அதற்கு மேல் படிக்கச் சொல்லும்போது இதே பதில்தான் வரும். தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

எந்தச் சாதனப் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள்? லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று வேலை முடிந்ததும் தானே தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். "என்" எழுத்தில் தொடங்கும் மற்றொன்று நின்ற இடத்திலேயே நிற்கும். மாற்ற வேலைக்கு இரண்டாவதுதான் வேண்டும். முதலாவதைப் பயன்படுத்துகிறவர் நாடாவில் உள்ள முதல் கோப்பையே ஓயாமல் நகலெடுத்துக்கொண்டிருப்பார்.

எல்டிஓ-5 முதல் வந்த எல்டிஎஃப்எஸ் முறையில் (நாடாவை டிஸ்க் போலக் கோப்புகளாகக் காட்டும் முறை) எழுதிய நாடாவா? அதைச் சாதாரண முறையில் படித்தால் ஒன்றும் புரியாது. எல்டிஎஃப்எஸ் மென்பொருளில் படிக்க மட்டும் என்று ஏற்றுங்கள். "பழுதுபார்க்கட்டுமா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். அந்தப் பழுதுபார்ப்பு நாடாவில் எழுதும்.

இவை எதுவும் இல்லையென்றால் மிஞ்சுவது ஒரு கசப்பான சாத்தியம்: யாரோ எப்போதோ நாடாவின் தொடக்கத்தில் சிறிது எழுதிவிட்டார்கள். எழுதிய இடத்தில் புதிய "தரவு முடிவு" குறி விழுந்திருக்கும்; அதற்கு அப்பால் பழைய தரவு அப்படியே இருந்தாலும் சாதாரண டிரைவ் அந்தக் குறியைத் தாண்டாது. *இது நேராக நிபுணர் வேலை.* குறியைத் தாண்டிப் படிக்கும் வசதி அவர்களிடம் உண்டு. மேலெழுதப்பட்ட பகுதி திரும்பாது.

## படிக்கத் தொடங்கிய உடனே பிழை

இந்த அறிகுறிதான் அதிகம் வருகிறது, அதிகம் ஏமாற்றுகிறது.

"நினைவகம் ஒதுக்க முடியவில்லை" என்று வந்தால் கணினிக்கு ராம் வாங்கப் போகாதீர்கள். நாடாவில் தரவு தொகுதி தொகுதியாக எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தொகுதியைவிடச் சிறிய துண்டு கேட்டால் லினக்ஸ் டேப் இயக்கி இந்தப் பிழையைத்தான் திருப்பித் தரும். செய்ய வேண்டியது இது: நாடா டிரைவை இயக்கும் எம்டி கட்டளையால் தொகுதி அளவைச் சுழியமாக்குங்கள், அப்போது டிரைவ் எந்த அளவையும் ஏற்கும் நிலைக்கு வரும். பிறகு தரவை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் ஒரு எம்பி அளவு கொடுத்து, ஒரே ஒரு தொகுதியை மட்டும் ஒரு கோப்பில் இறக்குங்கள். இப்போது அந்தக் கோப்பின் அளவைப் பாருங்கள். நாடாவின் தொகுதி அளவு அதுதான். 10240 பைட் என்றால் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டார் கட்டளையின் இயல்பான அளவில் எழுதியிருக்கிறார்கள். 65536 என்றால் ஏதாவது பேக்கப் மென்பொருளாக இருக்க நல்ல வாய்ப்பு. எண்ணைக் குறித்துக்கொண்டு, நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, அதே அளவில் முழுதும் படியுங்கள். ஒரே காலத்தில் ஒரே இடத்தில் எழுதிய நாடாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே எண்தான் வரும்.

ஒரு கோப்பு வந்ததும் நின்றுவிட்டால் அது பிழை அல்ல. டிடி ஒவ்வொரு கோப்புக்குறியிலும் (நாடாவில் ஒரு கோப்பு முடிந்ததைக் காட்டும் குறி) நிற்கும். அதே கட்டளையை வேறு வெளியீட்டுப் பெயரோடு மறுபடி கொடுங்கள்; அடுத்த கோப்பு வரும். சுழிய அளவுக் கோப்பு வந்தால் இரண்டு குறிகள் அடுத்தடுத்து இருக்கின்றன என்று பொருள். வழக்கப்படி அதுவே நாடாவின் முடிவு. ஆனால் சில பழைய முறைகள் நடுவிலும் அப்படி எழுதியதுண்டு. ஒரு படி தாண்டிப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள்.

மறையாக்கம் பற்றிய பிழை வந்தால் சாவியைத் தேடுங்கள். எல்டிஓ-4 முதல் டிரைவே 256 பிட் ஏஇஎஸ் முறையில் மறையாக்கம் செய்யும். சாவி நாடாவில் இருக்காது. பழைய பேக்கப் சர்வரிலோ சாவி மேலாண்மைக் கருவியிலோ இருக்கும். அந்த சர்வரைப் பழைய இரும்புக்குப் போடும் முன் கேளுங்கள். சாவி போய்விட்டால் எந்த ஆய்வகத்துக்கு அனுப்பியும் பயனில்லை.

## நடுவில் படிப்புப் பிழை

முதல் பிழையிலேயே நிறுத்தி, நாடா எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் கணினிப் பதிவில் வந்த செய்தியையும் எழுதிக்கொள்ளுங்கள். "மீடியம் எரர்" என்றால் ஊடகம் அல்லது அழுக்கு. "ஹார்ட்வேர் எரர்" என்றால் டிரைவ். டிரைவே எழுப்பும் எச்சரிக்கைகளான டேப்அலர்ட் கொடிகளையும் படியுங்கள். கொடி 20 "உடனே துப்புரவு செய்" என்கிறது, 30உம் 31உம் வன்பொருள் பழுது என்கின்றன.

அடுத்து துப்புரவு கேட்ரிட்ஜ், ஒரே ஒருமுறை. அது டிரைவின் தலையை (நாடாவைப் படிக்கும் பாகத்தை) தேய்த்துச் சுத்தம் செய்கிறது. பிழை போகாத கோபத்தில் மீண்டும் மீண்டும் போட்டால் தலை தேயும். பிறகு சோதனை நாடா. அதிலும் பிழை வந்தால் டிரைவ்தான் காரணம், மூல நாடாவைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

சோதனை நாடா சுத்தமாக ஓடினால், மூல நாடாவை வேறொரு டிரைவில் முயலுங்கள். டிடிஎஸ், 8 மிமீ போன்ற சாய்தட நாடாக்களில் இது மிக முக்கியம். சுழலும் தலை இம்மியளவு விலகி எழுதிய நாடா, எழுதிய டிரைவில் மட்டும் நன்றாக ஓடும், மற்ற எல்லாவற்றிலும் பிழை காட்டும். அந்தப் பழைய டிரைவுக்கு முதலிடம் கொடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பிழை ஒரே இடத்தில் எந்த டிரைவிலும் வந்தால் நாடா பழுது. இப்போது வேண்டியது தந்திரம்: கோப்புக்குறிகளைத் தாண்டி அடுத்த கோப்பிலிருந்து நாடாவின் மீதியைப் படித்து முடியுங்கள். பழுதான இடத்துக்குக் கடைசியில் திரும்பலாம். பழுதான டிஸ்குக்குப் பயன்படும் மீட்புக் கருவிகளை நம்பி இங்கே இறங்க வேண்டாம். அவை முன்னும் பின்னும் தாவிப் படிப்பதற்கு எழுதப்பட்டவை, நாடா அப்படித் தாவாது. பிழையைப் பொருட்படுத்தாமல் தொடரச் சொல்லும் டிடி விருப்பமும் நாடாவில் நம்பத் தகுந்ததல்ல. தாண்டியது எவ்வளவு என்று தெரியாமல் கோப்பு மட்டும் முழுதாகத் தோன்றும்.

*நிபுணர்:* இரண்டு நல்ல டிரைவ்களில் ஒரே இடத்தில் பிழை, அந்தப் பகுதியின் தரவு அவசியம். மூன்றாவது முயற்சியை அவர்களுக்கு விட்டுவையுங்கள்.

## கிறீச்சொலி, பழுப்புத் தூள், வாடை

நிறுத்துங்கள். இங்கே சோதனை எதுவும் இல்லை.

1970கள், 80களின் சுருள் நாடாக்களில் பூச்சைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்திருக்கும். ஓடும்போது கீச்சிடும், தலையில் பழுப்புப் படிவம் சேரும், நாடா ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் சுமார் 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சூடாக்கி, தற்காலிகமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருவார்கள். அந்தப் பலன் சில வாரங்களே நிற்கும் என்பதால் உடனே நகலெடுத்தாக வேண்டும். வீட்டு அவனில் இதைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். வினிகர் வாடை வீசினால் அது அசிட்டேட் நாடாவாக இருக்கலாம். அதைச் சூடாக்கவே கூடாது.

வெண்புள்ளியோ பஞ்சுபோன்ற பூசணமோ தெரிந்தால் கையுறை, முகக்கவசம் அணிந்து தனி உறையில் இட்டு, மற்ற நாடாக்களிலிருந்து பிரித்து வைத்துவிட்டு நிபுணரை அழையுங்கள்.

## ஓடுகிறது, ஆனால் ஊர்கிறது

நாடா ஓடி, நின்று, பின்னால் போய், மறுபடி ஓடும் ஒலி கேட்கிறதா? டிஸ்க் பக்கம் தரவை வாங்கி முடிக்கவில்லை. வேகம் குறைவதோடு நாடாவும் தலையும் தேய்கின்றன. எல்டிஓ-4 நொடிக்கு 120 எம்பி, எல்டிஓ-6 160 எம்பி தரும். சுருக்கம் விரியும்போது இன்னும் கூடும். ஒரு ஜிகாபிட் வலையமைப்பில் எல்டிஓ-4 கூட மூச்சு முட்டும்.

- வலையமைப்பு வழியே எழுதாமல், டிரைவ் இருக்கும் கணினியின் உள் டிஸ்கில் முதலில் இறக்குங்கள்.
- முதல் சிறிது நேரம் வேகமாகப் போய்ப் பிறகு படுத்துக்கொண்டால் டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் வகை) என்று பாருங்கள். தொடர் எழுத்துக்கு அது தாங்காது.
- லட்சக்கணக்கான சிறு கோப்புகளாகப் பிரித்து எழுதுகிறீர்களா? நாடாக் கோப்பை அப்படியே ஒரே பெரிய கோப்பாக இறக்கிவிட்டு, பிரிப்பதை டிஸ்கில் வைத்துச் செய்யுங்கள்.
- பட்டியலிலிருந்து ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுக்கிறீர்களா? எல்டிஓ-6 நாடாவில் தரவு 136 முறை முன்னும் பின்னுமாக எழுதப்பட்டிருக்கிறது. அகரவரிசையில் கேட்டால் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். முழு நாடாவையும் தொடக்கத்திலிருந்து ஒரே மூச்சில் படித்தால் நிரம்பிய 2.5 டிபி நாடாகூட நாலரை மணி நேரத்துக்குள் முடியும்.

## டிஸ்க் பாதியில் நிரம்பிவிட்டது

நாடாவின் மேல் எழுதிய கொள்ளளவை வைத்து டிஸ்க் வாங்கியிருப்பீர்கள். டிரைவ் எழுதும்போது சுருக்கியிருக்கும், படிக்கும்போது விரித்துத் தரும். 2.5 டிபி நாடாவிலிருந்து 5 டிபி வருவது அதிசயமில்லை. சுருக்கம் உள்ள கோப்பு அமைப்பில் இறக்குங்கள், அல்லது முதல் சில நாடாக்களின் விரிவைப் பார்த்துவிட்டு மீதிக்கு வாங்குங்கள்.

## படித்தாகிவிட்டது, உள்ளே இருப்பது புரியவில்லை

இறக்கிய கோப்பின் வகையை "ஃபைல்" கட்டளையிடம் கேளுங்கள். டார், அதைப் போன்ற சிபிஐஓ என்றால் வேலை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மட் என்றால் என்டிபேக்கப், பேக்கப் எக்ஸெக் வழி வந்தது. அதைப் பிரிக்கத் திறந்த மூலக் கருவிகள் உண்டு. பழைய மெயின்ஃப்ரேம் நாடாவில் எழுத்துகள் கந்தலாகத் தெரிந்தால் அது மெயின்ஃப்ரேம்களின் எழுத்து முறையான எப்சிடிக் குறியீடாக இருக்கும். ஆனால் கோப்பு முழுவதையும் ஒரே அடியாக ஆஸ்கிக்கு (மற்றக் கணினிகளின் எழுத்துக் குறியீட்டுக்கு) மாற்றாதீர்கள். நடுவில் உள்ள இருமை எண் புலங்கள் சிதைந்துபோகும். மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பதிவின் அமைப்பைத் தெரிந்து புலம் புலமாக மாற்றுங்கள்.

வணிகப் பேக்கப் மென்பொருள் எழுதிய நாடா என்றால், மூல மென்பொருளின் பட்டியல் தரவுத்தளம் இல்லாவிட்டாலும், நாடாவிலிருந்தே பட்டியலை மீண்டும் கட்டும் வசதி பெரும்பாலும் உண்டு. நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். மென்பொருளே கிடைக்கவில்லை என்றால் நிபுணர்.

## எண்ணிக்கை ஒத்துவரவில்லை

கோப்புகள் குறைகின்றன என்றால் முதலில் பெயர்களைப் பாருங்கள். யூனிக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் இரண்டாக இருந்த கோப்புகள் விண்டோஸ் டிஸ்கில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும். அடுத்து, பேக்கப் இன்னொரு நாடாவில் தொடர்கிறதா? கடைசிக் கோப்பு பாதியில் அறுந்திருந்தால் பெரும்பாலும் அதுதான். மாற்றங்களை மட்டும் சேமித்த நாடாவைத் தனியாக வைத்துக்கொண்டு முழு எண்ணிக்கை கேட்பதும் நடக்கிறது. அதன் முழு பேக்கப் நாடாவைத் தேடுங்கள்.

எண்ணிக்கை சரி, கோப்பு திறக்கவில்லை என்றால் ஹாஷ் எப்போது எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். நாடாவிலிருந்து வரும் ஓட்டத்திலேயே ஷா-256 ஹாஷ் கணக்கிட்டு வைக்க வேண்டும். பிறகு டிஸ்கைக் கழற்றி மறுபடி இணைத்துவிட்டு, டிஸ்கில் உள்ளதைப் படித்து இன்னொரு முறை கணக்கிட வேண்டும். எழுதி முடித்த கையோடு எடுத்த ஹாஷ் கேச் நினைவகத்தைப் பார்த்தே வந்திருக்கலாம். டிஸ்கில் என்ன விழுந்தது என்று அது சொல்லாது. இரண்டு மதிப்புகளும் ஒத்து, வேறோர் இடத்தில் இரண்டாவது பிரதியும் சரிபார்க்கப்பட்ட பின்பு அந்த நாடாவை அலமாரியிலிருந்து எடுக்கலாம். ஒத்துவரவில்லை என்றால் டிஸ்கை மாற்றி, நாடாவை மறுபடி தொடக்கத்திலிருந்து படியுங்கள்.